நடுவில் உட்காருகிறவள்

திறந்த கதவில் ஒரு கையும் கூரை விளிம்பில் ஒரு கையுமாகச் செண்பகம் நிற்கிறாள், ஏறவில்லை, குனிந்து உள்ளே எட்டிப் பார்க்கிறாள், மறுபடி நிமிர்ந்துகொள்கிறாள், நான் எங்க அண்ணி உக்காரணும் என்று கேட்கிறாள், கேள்வியில் குற்றம் சொல்லும் தொனி எதுவும் இல்லை, பந்தியில் இலை போட்ட பிறகு வந்து சேர்ந்தவள் தன் இலை எது என்று விசாரிக்கிற குரல்தான், ஆனாலும் பின்சீட்டின் இடப்பக்கம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நீலா காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள், ஏனென்றால் அவள் கணவர் கருணாகரன் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார், அவருக்குப் பக்கத்தில் புது மாப்பிள்ளை, மாப்பிள்ளையைப் பின்னால் உட்காரவைக்கிற வழக்கம் உலகத்தில் எங்கேயும் கிடையாது, பின்னால் வலது ஜன்னலோரம் மகள் யாழினி, இடது ஜன்னலோரம் நீலா, இருவருக்கும் நடுவில் சீட் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான ஒரு பெட்டி, அதில் தம்ளர் வைக்க இரண்டு குழி, போன் வைக்க ஒரு பள்ளம், மேலே மெத்தென்று கை வைத்துக்கொள்ளத் தோல் உறை. எப்போதும் செண்பகம் முதலில் ஏறி நடுவுக்கு நகர்ந்துகொண்ட பிறகுதான் நீலா ஏறுவாள், இன்று செண்பகம் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு பின்தங்கிவிட்டாள், நீலா முந்திக்கொண்டாள், அவ்வளவுதான் நடந்தது. இது கார்கூட இல்லை, மரச் சட்டமும் நுரைப் பலகையும் வைத்துக் கட்டிய கார் உருவம், எஞ்சினும் சக்கரமும் கிடையாது, சீட்டும் கதவும் ஸ்டியரிங்கும் கண்ணாடியும் மட்டும் அசல், ஒரு கார் எப்படி இருக்கப்போகிறது என்று முடிவாவதற்கு முன்னால் அதில் வேலை செய்கிறவர்கள் தங்கள் வீட்டு மனிதர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிற்சாலையின் வழக்கம், வாசலில் மாவிலை கட்டி, ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல் கொடுத்து, அதற்கு உட்காரும் நாள் என்றே பேர் வைத்துவிட்டார்கள், வெளியே இன்னும் சில குடும்பங்கள் சுண்டலோடு காத்திருக்கின்றன, செண்பகம் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள்.

இன்று சாயங்காலத்துக்குள் நீலா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சாரிகா என்கிற இந்தக் காரின் புதுப் பிறவியில் பின்னால் மூன்று பேரா இரண்டு பேரா, சீட் பிரிவின் தலைவி அவள், அவள் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் நடு இடம் திரும்பி வந்துவிடும், வேண்டாமென்றால் இந்தப் பெட்டி நிரந்தரமாகிவிடும். உருவத்தை வரைகிற பிரிவிலிருக்கும் ஜோயல், நல்ல பையன்தான், பேச்சு மட்டும் கொஞ்சம் வழுக்கும், போன மாதமே சொன்னான், குடும்பம் சின்னதாயிடுச்சு மேடம், பின்னாடி நடுவுல இப்ப யார் உக்காருறாங்க, பையும் லேப்டாப்பும்தான் உக்காருது என்றான், எங்க வீட்டுல உக்காருறாங்க என்று நீலா வெடுக்கென்று சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் யார் என்று அவன் கேட்டுவிடக் கூடாதே என்று தோன்றியது, என் நாத்தனார் என்று சொல்ல என்ன கூச்சம், தெரியவில்லை, ஆனால் கூச்சமாக இருந்தது.

முதல் சாரிகா வந்தபோது நீலா இந்த வேலைக்குப் புதிது, நீலாயதாட்சி என்ற முழுப் பேரைக் கூப்பிட நேரமில்லாமல் எல்லாரும் நீலா ஆக்கிவிட்டிருந்தார்கள், தாம்பரம் தாண்டினால் ஏரியும் கருவேலமும்தான், நடுவில் புதுக் கூரைபோட்ட தொழிற்சாலை, அங்கே அந்தக் கார் ஒரு வெள்ளைக்காரக் காரின் தரையை இரவல் வாங்கிக்கொண்டு பிறந்தது, நடுவில் புகைக்குழாய் போவதற்காகத் தரை முதுகு தூக்கிக்கொண்டு நிற்கும், ஒரு முழங்கால் உயரம் இல்லாவிட்டாலும் அதற்கு மேல் கால் வைத்தால் முழங்கால் மோவாயோடு பேசும். திருச்சி வரை ஓட்டிப் பார்க்க ஐந்து பேராகக் கிளம்பினார்கள், புதிதாகச் சேர்ந்தவர் பின்னால் நடுவில் உட்கார வேண்டும், யாரும் எழுதிவைக்காத சட்டம், நீலாதான் புதிது, போதாததற்கு ஒல்லி, ஏறிக்கோம்மா என்றார்கள், ஏறிக்கொண்டாள், இரண்டு பக்கமும் இரண்டு ஆஜானுபாகுவான மனிதர்கள், உரலுக்கு ஒரு பக்கம் இடி மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி, விழுப்புரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது கால் மரத்துப்போய்க் கீழே வைக்கத் தெரியவில்லை, பின்சீட் எப்படிம்மா இருக்கு என்று குழுத்தலைவர் கேட்டார், ஒண்ணும் பிரச்சினை இல்ல சார் என்றாள், வேலைக்குச் சேர்ந்து யார் எவர் என்றே தெரியாத நேரத்தில் வேறென்ன சொல்வாள். அடுத்த வருடம் வேறொரு புதுப் பையன் உட்கார்ந்தான், அவனும் அதையே சொன்னான், அதற்கடுத்தவனும் அதையே. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், இவர்களோ அழத் துணியாத பிள்ளையாகப் பார்த்துப் பார்த்து அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள், அப்புறம் அங்கே குறையே கிடையாது என்று மனதார நம்பினார்கள், நீலாவும் நம்பினாள், உட்கார்ந்து எழுந்தவளே நம்பினாள் என்பதுதான் இதில் வேடிக்கை. கார் வாங்கியவர்களைப் போய்க் கேட்டபோதும் அப்படித்தான், வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து பதில் சொல்வார், ஓட்டுகிறவர் அவர், பின்னாடி நடுவுல உக்காருறவங்க ஏதாவது குறை சொல்றாங்களா சார் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, ஒண்ணும் சொல்றதில்லையே என்பார், அது பொய்யில்லை, சொல்வதில்லைதான், காபி தம்ளரோடு சமையலறையிலிருந்து வந்து வைத்துவிட்டுப் போகிறவளை யாரும் கேட்கவில்லை.

அந்த முதல் சாரிகா ஒன்று வீட்டுக்கும் வந்தது, பழுப்பும் சிவப்பும் கலந்த ஒரு நிறம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கருணாகரன் கையை உயர்த்திச் சாவியைக் காட்டினார், முதல் பயணம் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு, யாழினிக்கு முடியிறக்க, யார் எங்கே உட்காருவது என்று யாரும் பேசவில்லை, தண்ணீர் தன் பள்ளத்தைத் தேடிப் போவதுபோல் எல்லாரும் போய் உட்கார்ந்துகொண்டார்கள், முன்னால் மாமனார், மாமியாருக்கு வண்டி கிளம்பினால் குமட்டும், அதனால் ஜன்னல், நீலா மடியில் குழந்தை, குழந்தைக்குக் காற்று வேண்டும், அதனால் அவளுக்கும் ஜன்னல், மீதி இருந்தது செண்பகம், கருணாகரனின் தங்கை, குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், ஒரு சம்பந்தம் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் கலைந்துபோய் அதற்கப்புறம் யாரும் பேச்செடுக்காமல் விட்டுவிட்ட பெண், எனக்கு எங்க இருந்தா என்ன, நடுவுல இருந்தாதான் எல்லாருக்கும் எடுத்துக் குடுக்க வசதி என்று மேட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காலாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்துக் கொடுத்தாள், முன்னால் அப்பாவுக்குப் புளியோதரை, அண்ணனுக்கு வாயில் ஒரு பாக்கு, அம்மாவுக்கு எலுமிச்சை இலை, குழந்தைக்கு வெந்நீர், செங்கல்பட்டில் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தவள் திண்டிவனம் தாண்டியும் உரித்துக்கொண்டிருந்தாள், ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிகிறது பார் என்று மாமியார் சொன்னால், தெரியுதும்மா என்பாள், தெரிந்திருக்காது, அம்மாவின் தலை மறைக்கும், இருந்தாலும் தெரியுதும்மா என்பாள்.

அப்புறம் கார் வளர்ந்தது, மனிதர்களுக்கு வயதானால் குறுகுகிறார்கள், கார் ஒவ்வொரு பிறவியிலும் நீண்டுகொண்டே போயிற்று, இரண்டாவது சாரிகாவில் டிக்கி இரண்டு பெட்டி கூடுதலாக விழுங்கியது, அதில் நீலாவின் முதல் பெரிய வேலை, சீட்டின் முதுகிலிருந்து மடக்கி இறக்கிக்கொள்கிற கைத்தாங்கி, பத்திரிகைக்காரர்கள்கூடப் பாராட்டினார்கள், ஓரத்தில் இருப்பவர்கள் அதன்மேல் கை வைத்து ராஜா மாதிரி வருவார்கள், நடுவில் ஆள் உட்கார்ந்தால் அதை மேலே மடக்கிவிட வேண்டும், மடக்கினால் அதன் கெட்டியான பின்பக்கம் முதுகெலும்பில் நேராக வந்து நிற்கும், செண்பகம் ஒரு துண்டை மடித்து முதுகுக்கு வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள், இந்த வயசுலயே இவளுக்கு முதுகுவலியா, டாக்டர்கிட்ட காட்டணும் என்று நீலா கருணாகரனிடம் கவலைப்பட்டாள், உண்மையாகவே கவலைப்பட்டாள், தைலம் வாங்கிக் கொடுத்தாள். மூன்றாவது சாரிகாவில் பின்னால் உட்காருகிறவர்களுக்கும் ஏசி வேண்டுமென்று முன்சீட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு மூக்கு நீட்டிக் காற்று வரவைத்தார்கள், அந்த மூக்கு நடுவில் இருப்பவள் முழங்காலை முட்டும், செண்பகம் இரண்டு காலையும் ஒரு பக்கமாகச் சாய்த்து யாழினியைப் பார்த்தபடி திரும்பி உட்காருவாள், பாரேன் அத்தைக்கு உன்மேல எவ்வளவு பாசம், கண்ணெடுக்காம உன்னையே பாத்துக்கிட்டு வர்றா என்று நீலா மகளிடம் சொல்லியிருக்கிறாள், பாசம் இல்லாமலில்லை, ஆனால் பாசத்துக்காக யாராவது தஞ்சாவூர் வரைக்கும் இடுப்பைத் திருகிக்கொண்டு வருவார்களா. நாலாவதில் ஓரத்துச் சீட் இரண்டையும் உள்ளங்கை மாதிரிக் குழித்தார்கள், வளைவில் வண்டி திரும்பினால் ஆள் சரியாது, இரண்டு பக்கமும் குழித்தால் நடுவில் வரப்பு நிற்கத்தானே செய்யும், செண்பகம் வரப்பின்மேல் உட்கார்ந்து வந்தாள். நல்ல கார், ஒவ்வொரு முறையும் முந்தினதைவிட நல்ல கார், அதை மறுக்க நீலாவுக்கு மனம் வரவில்லை, உழைப்பும் அறிவும் கொட்டிய கார்தான், ஆனால் ஓரத்துக்காரர்களுக்குச் சேர்த்த ஒவ்வொரு சுகமும் நடுவிலிருந்து கிள்ளி எடுத்தது, எடுத்த கை தன்னுடையது என்பது இப்போது இந்த மரக் காரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

சில சமயம் கனவில் நாலு காரும் ஒரே காராகிவிடும், பழுப்புச் சிவப்புக் கூரைக்குக் கீழே நாலாவது காரின் சீட், வெளியே ஏரியா வயலா தெரியவில்லை, காலமாகிவிட்ட மாமியார் ஜன்னலோரம் எலுமிச்சை இலையை முகர்ந்துகொண்டு வருகிறாள், யாழினி மொட்டைத் தலைக் குழந்தையாக மடியில் இருக்கிறாள், அவளே கல்யாணப் புடவையில் பக்கத்திலும் இருக்கிறாள், நீலாவுக்கு ஒருசமயம் கூந்தல் கறுப்பு, ஒருசமயம் வெள்ளை, எல்லாம் மாறிமாறி வருகிறது, செண்பகம் மட்டும் மாறுவதில்லை, இரண்டு கால்களுக்கு நடுவில் மேடு, கையில் ஆரஞ்சு, உரிக்க உரிக்கத் தோல்தான் வருகிறது, சுளை வருவதில்லை, இறங்கணும் அண்ணி என்று அவள் சொல்வதுபோல் இருக்கும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், விழித்துக்கொண்டால் பக்கத்து அறையில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம், விடிந்துவிட்டிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே செண்பகம் சொன்னாள், அண்ணே, மாயவரத்துல என் சிநேகிதி வீட்டு மாடி காலியா இருக்கு, நான் அங்க போயிடலாம்னு பாக்குறேன், நாலு பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்துக்குவேன். கருணாகரன் கையிலிருந்த இட்லித் துண்டை வைத்துவிட்டு, யார் என்ன சொன்னா உன்னை என்று நீலாவைப் பார்த்தார், நீலா செண்பகத்தைப் பார்த்தாள், யாரும் ஒண்ணும் சொல்லலண்ணே, ஒண்ணுமே சொல்லல என்றாள் செண்பகம், இன்னொரு இட்லி வெக்கட்டுமா என்றும் கேட்டாள். அன்றிலிருந்து நீலாவுக்குச் சோறு இறங்கவில்லை, சமையலில் பாதி, யாழினியை வளர்த்ததில் பாதி, வீட்டில் சிரித்த சிரிப்பில் பாதி செண்பகம்தான், அவள் போனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும், போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, எந்த உரிமையில் சொல்வது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது, வரப்போகிற கார் பேட்டரியில் ஓடுவது, புகைக்குழாய் கிடையாது, மேடு கிடையாது, தரை வழித்து மெழுகிய கூடம் மாதிரி மட்டமாக இருக்கும், இத்தனை வருடம் கழித்து நடுவில் இருக்கிறவள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து உட்காரலாம், மெத்தையும் போடலாம், முதுகுக்கும் மிருதுவாகச் செய்யலாம், அதற்காக எவனோடு வேண்டுமானாலும் சண்டை போடலாம், போட்டு வாங்கி, செண்பகம், இது உனக்காகத்தான் பண்ணினேன் என்று காட்டினால் அவள் மனது மாறாதா, எங்கள் நடுவில் உன் இடம் இருக்கிறது என்று இதைவிட எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டுதான் இன்று கையோடு கூட்டிவந்தாள், ஜோயல் அதற்குள் பெட்டியை வைத்துக் கட்டிவிட்டிருக்கிறான்.

நான் வேணா வெளியவே நிக்குறேன் அண்ணி, நீங்க பாத்துட்டு வாங்க என்கிறாள் செண்பகம், முகம் சிரித்த முகம்தான், அத்தை நீங்க முன்னாடி வாங்க, நான் இறங்கிக்கறேன் என்று செண்பகத்தைப் பார்த்து மாப்பிள்ளை பாதி எழுகிறான், நீங்க உக்காருங்க மாப்பிள்ளை, அதெல்லாம் வேணாம் என்று கருணாகரன் அவன் தோளைப் பிடித்து அமுக்குகிறார், யாழினி தன் பக்கம் கதவைத் திறக்கப் போகிறாள், அதற்குள் நீலா இறங்கிவிட்டாள், எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை, நீ உக்காரு என்றாள், ஐயோ, அது உங்க இடம் என்றாள் செண்பகம், உக்காருன்னா உக்காரேன், இன்னைக்கு உக்காந்து பாக்கத்தானே வந்திருக்கோம் என்று நீலா கொஞ்சம் அதட்டலாகவே சொல்ல, செண்பகம் புடவையை ஒதுக்கிக்கொண்டு முதலில் உட்கார்ந்தாள், பிறகு காலை உள்ளே எடுத்தாள், எடுத்த காலை வழக்கம்போல் ஒடுக்கி வைத்தாள், ஒடுக்கத் தேவையில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக நீட்டினாள், முதுகைச் சாய்த்தாள், ஒரு கையைப் பெட்டியின் மேலும் ஒரு கையைக் கதவுப் பக்கமும் வைத்தாள், எங்கிருந்தோ ஒரு பெருமூச்சு வந்தது, அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கையில் டேப்போடு நின்றிருந்த ஜோயல் குனிந்து, எப்படிங்கம்மா இருக்கு என்று கேட்டான். செண்பகம் கருணாகரனைப் பார்த்தாள், தன்னைத்தான் கேட்கிறான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று, நல்லா இருக்கு தம்பி, இந்தப் பக்கம் இவ்வளவு தூரம் தெரியும்னு எனக்குத் தெரியாது என்றாள், மரக் காரின் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது தொழிற்சாலைச் சுவரும் தண்ணீர்க் குழாயும் சுண்டல் தின்கிற ஒரு குடும்பமும்தான். நீலா குனிந்து அவள் காதருகே போய், செண்பகம், நடு சீட்டை இன்னைக்கு நான் சொன்னா வெச்சிடுவாங்க, மேடு கிடையாது இப்போ, மெத்தையா பண்ணித் தரச் சொல்றேன், உனக்காகத்தான் என்றாள். வேணாம் அண்ணி, எடுத்துடுங்க என்றாள் செண்பகம், ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள், அது இருந்துதுன்னா யாராவது ஒருத்தி உக்காந்தே ஆகணும், மெத்தையா இருந்தா இன்னும் நல்லதாப் போச்சு, கேக்கவே வேணாம், காலத்துக்கும் உக்கார வெச்சிடுவாங்க. அப்ப அஞ்சாவது ஆளு என்ன பண்றது என்றாள் நீலா. பஸ்ல போகட்டுமே என்று செண்பகம் சிரித்தாள், நான் மாயவரத்துக்குப் பஸ்லதான் போகப்போறேன், ஜன்னல் சீட்டா பாத்து ஏறிக்குவேன், நீங்க வாங்க, அடிக்கடி வாங்க, நாலு பேரா வாங்க.

அவள் போகத்தான் போகிறாள், நீலாவுக்கு அது அப்போதுதான் உடம்பில் ஏறியது, கோபித்துக்கொண்டு போகிறவளாக இருந்தால் காலில் விழுந்தாவது நிறுத்தலாம், இவள் கோபமில்லாமல் போகிறாள், இவளை நிறுத்தத் தன்னிடம் இருந்தது ஒரு நடு இடம்தான், அதையும் வேண்டாமென்று விட்டாள். பின்னாடி ரெண்டு பேர்தான் ஜோயல், நான் சொன்னேன்னு சொல்லிடு, சாயங்காலம் நானும் சொல்றேன் என்றாள் நீலா, அவன் மறுத்துப் பேச ஆயத்தமாக வந்திருந்தவன், டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். கருணாகரன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், தங்கை ஓரத்தில் இருந்தாள், வழக்கமாகக் கண்ணாடியில் நடுவில் தெரிகிற ஆளைக் காணோம், திரும்பிப் பார்த்து, அப்ப நீ எங்க உக்காருவ நீலா என்று கேட்டார், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார், திறந்த கதவில் ஒரு கையும் கூரை விளிம்பில் ஒரு கையுமாக நின்றுகொண்டிருந்த நீலா காருக்குள் பார்த்தாள், எல்லாரும் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் அவளுக்கு வேண்டியவர்கள், ஒருவரும் கெட்டவரில்லை, ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒருத்தி இத்தனை காலம் சிரித்த முகமாக எப்படி இருந்தாள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. கையை எடுங்க அண்ணி, நசுங்கிடப் போவுது என்றாள் செண்பகம், நீலா கையை எடுத்துக்கொண்டாள், செண்பகம் கைப்பிடியைத் தேடிப் பிடித்து, எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்று பழக்கமில்லாததால் தேவைக்கு அதிகமாகவே இழுத்து, கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.